கறுப்பு ஜன்னலில் ஒரு வெள்ளைப் பட்டை

"சார், லைன் நின்னுபோச்சு!"

யாரோ கத்தினார்கள். ஃபிரடி திரையைப் பார்த்தான்.

ஒரகடத்து அந்தத் தொழிற்சாலையில் லேபிள் அடித்தால்தான் பெட்டி நகரும். லேபிள் அடிக்கும் ப்ரோகிராம் அவன் முன்னால் ஒரு கறுப்பு ஜன்னலில் ஓடிக்கொண்டிருந்தது. அவன் செய்த பாவம், அதில் ஒரு வரியைக் காப்பி செய்ய மவுஸால் இழுத்ததுதான். வரிமேல் வெள்ளைப் பட்டை விழுந்தது, எல்லாம் உறைந்துபோனது.

வேலையில் முதல் நாள். "லைன் நின்னா உங்க வேலையும் நின்னுடும்" என்று மேனேஜர் சீனிவாசன் காலையில்தான் சிரித்தபடி சொல்லியிருந்தார்.

கன்ட்ரோல் சி அழுத்தினான். பட்டை மறைந்து லைன் நகர்ந்தது. அப்போதே கையை எடுத்திருக்கலாம். காப்பி ஆனதோ என்னவோ என்று மறுபடி அழுத்தினான். ப்ரோகிராமே மூடிக்கொண்டது, லைன் மறுபடி நின்றது.

கம்ப்யூட்டரிலேயே மனைவி ரூத்துக்கு ஒரு செய்தி அடித்தான். நெட் இழுத்துக்கொண்டே இருந்ததால் அது போகவில்லை; பிறகு அனுப்பலாம் என்று அதைக் காப்பி செய்து வைத்துக்கொண்டு, அந்த நாற்காலியில் முன்பு இருந்த ஜெகதீஷுக்குப் போன் போட்டான். அவர் போன வாரம்தான் தண்டலம் யூனிட்டுக்கு மாறியிருந்தார்.

"அண்ணா, லைனை நிறுத்திட்டேன்!"

"பட்டை இழுத்தியா? லைன்ல இருக்குற லேடீஸ்லாம் எழுந்து போய்ட்டாங்களா?"

"ஒருத்தர்கூட இடத்துல இல்லண்ணா! மேனேஜர்கிட்டதான் போயிருக்காங்க!"

"அப்ப அவசரமே இல்ல. மெதுவா ஸ்டார்ட்னு அடி."

மனுஷனுக்கு இரக்கமே இல்லை என்று நினைத்துக்கொண்டு அடித்தான். ப்ரோகிராம் எழுந்து, லைனுக்கு மேலே தொங்கிய போர்டில் என்ன காட்டுவது என்று கேட்டது. மெனு வரும் என்று நம்பி மவுஸின் வலது பொத்தானை அழுத்தினான். கறுப்பு ஜன்னலில் மெனு ஏது? காப்பி செய்து வைத்தது அப்படியே போய் விழுந்தது. பதறிப்போய் என்டரையும் தட்டினான்.

அந்தப் போர்டில், 'பாதுகாப்பே முதல்' இருந்த இடத்தில், கொட்டை எழுத்தில் சிவப்பாக ஓடியது:

'ரூத், லைனை நிறுத்திட்டேன். வேலை போயிடும்போல. ஜெபம் பண்ணு.'

லைன் ஓட ஆரம்பித்தது. ஃபிரடி கண்ணை மூடிக்கொண்டான்.

திறந்தபோது எதிரில், பேக்கிங்கில் இருக்கும் வாலாஜாபாத் கனகம். கையில் டீயும் பஜ்ஜியும்.

"சாப்புடுங்க சார். மேனேஜர் வர்றதுக்குள்ள போர்டுக்கு முன்னால அட்டப்பொட்டிய அடுக்கி மறைச்சிட்டோம்."

ஃபிரடி டீயை வாங்கிக்கொண்டான். "ரொம்ப நன்றிக்கா. உங்க வேலையெல்லாம் கெடுத்துட்டேன்."

"நாங்கதான் சார் நன்றி சொல்லணும். ஜெகதீஷ் சார் தெனமும் இப்டி பட்டை இழுத்து நிறுத்துவாரு, நாங்க பாத்ரூம் போய்ட்டு வந்துருவோம். அவரு போனதுலேர்ந்து தண்ணி குடிக்கவே பயந்துகினு இருந்தோம். நாளைக்கும் இதே டைம்தானே சார்?"