தூங்கிக்கொண்டே மேளம் அடித்தவன்

டொக். டொக்-டொக். டொக்.

கண்ணைத் திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இல்லை. பக்கத்து வீட்டு வால்தெமார் அண்ணன் சுவரைத் தட்டினால் எங்கள் ஊர்வல மேளமான கந்தோம்பேயின் தாளத்தில்தான் தட்டுவார். சர்க்கரை கேட்டாலும் அதே தாளம். வீடு தீப்பிடித்தாலும் அதே தாளம்.

"எல்பியோ! முழிச்சிருக்கியா?"

"இல்லண்ணே."

"நல்லது, கேளு. ஊர்வலத்துல ரெப்பிக்கே மேளத்துக்கு ஒரு இடம் காலி. நம்ம ஒமாருக்கு இடுப்பு போயிடுச்சு."

எழுந்து உட்கார்ந்தேன். ஒமாரின் இடுப்புக்காக வருத்தப்பட முயன்றேன். முடியவில்லை.

மொந்தெவிதேயோவில், எங்கள் பலெர்மோ பேட்டையில், பிப்ரவரி ஊர்வலத்தில் மேளத்தைத் தோளில் மாட்டி நடக்கிறவன்தான் மனிதன். நடைபாதையில் நின்று கைதட்டுகிறவன் பாதி மனிதன். இருபத்திரண்டு வருஷமாக நான் இரண்டிலும் சேர்த்தியில்லை. பேக்கரியில் இரவு வேலை. ஊர் ஆடும்போது மாவு பிசைகிறேன், ஊர் விழிக்கும்போது போர்த்திக்கொள்கிறேன். என் நிழலை நான் பார்ப்பதே வாரத்துக்கு ஒருமுறை. ஒரே ஒரு தடவை, எல்லாரோடும் சேர்ந்து, அந்தத் தெருவில் மேளத்தோடு நடந்துவிட்டால் போதும். அதற்கப்புறம் எவ்வளவு மாவு வேண்டுமானாலும் பிசைவேன்.

"எனக்குக் குடுங்கண்ணே!"

"குடுக்கலாம். ஆனா ஒரு மாசம் சுவர் வழியா கேப்பேன். தினம் ரெண்டு மணி நேரம் பழகணும். எவன் பழகறான், எவன் டபாய்க்கிறான்னு என் காது சொல்லிடும்."

வாசற்படியில் சுல்மா நின்றிருந்தாள். என் மனைவி. கையைக் கட்டிக்கொண்டு.

"ரெண்டு மணி நேரம் மேளம் அடிச்சா எப்போ தூங்குவ, கிழவா?"

எங்கள் ஊரில் பெண்டாட்டி 'கிழவா' என்றால் கொஞ்சுகிறாள் என்று அர்த்தம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் ஓட வேண்டும்.

"தூக்கமா? அது கோழைகளுக்கு."

"நேத்து சூப் கிண்ணத்துல மூஞ்சிய வெச்சுத் தூங்கின கோழை யாரு?"

"அது... ருசி பாத்தேன்."

"மூக்காலயா?"

அன்றே சபதம் எடுத்தேன். மறுநாள் பகல் மூன்று மணிக்கு என் பழைய மேளத்தை எடுத்தேன். மூன்று இருபதுக்கு அதன்மேலேயே தூங்கிப்போனேன். எழுந்தபோது கன்னத்தில் வட்டமாக ஒரு அச்சு. பேக்கரியில் முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "உன்னை யாராவது தட்டு வெச்சு மூடினாங்களா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பெரிய மனிதர்களுக்கு வருகிற மாதிரி, பல் விளக்கும்போது.

என்னிடம் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. பேக்கரி ஆபீசில் தூக்கிப்போட்டது. அதில் லினக்ஸ் ஏற்றி, பாட்டு பதிவு செய்கிற மென்பொருளும் ஏற்றி, ஆறு வருஷ விடுமுறை நாட்களில் நானே தட்டித் தடவிக் கற்றுக்கொண்டேன். லினக்ஸுக்குக் காசு வேண்டாம், பொறுமை வேண்டும். ஒலி விக்கல் எடுக்கும். விக்கலை நிறுத்த ஒரு எண்ணைக் கூட்டினால், அடித்த அடி தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து கேட்கும். எண்ணைக் குறைத்தால் மறுபடி விக்கல். இதற்கு நடுவே ஒரு எண் உண்டு. அதைக் கண்டுபிடித்த அன்று, விடிகாலையில், தன்னந்தனியாக நான் ஆடியிருக்கிறேன்.

அந்த மென்பொருளோடு சேர்த்துக்கொள்கிற டிரம் பிளக்-இன்கள் ஏராளம். ஆனால் எல்லாம் ராக் இசைக்காரர்களுக்கு. தலைக்கு மேலே தொங்குகிற தட்டு முதல் காலால் மிதிக்கிற அண்டா வரை எல்லாம் இருக்கிறது. ரெப்பிக்கே இல்லை. சரி, நானே செய்வேன். வெறுங்கையால் ஏழு அடி, மெதுவிலிருந்து பலமாக. குச்சியால் ஏழு அடி. பக்க மரத்தில் ஒன்பது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்தேன்.

வெளியிலிருந்து சுல்மா: "ஒரு மணி நேரமா ஒரே அடியையே அடிக்கிற. பழகறியா, கொசு அடிக்கிறியா?"

"அடித்தளம் போடறேன்!"

"போடு போடு. இடிஞ்சு விழாம பாத்துக்க."

அந்த அடிகளை எல்லாம் பிளக்-இன்னுக்குள் ஊட்டினேன். அதில் 'மனிதத்தனம்' என்று ஒரு திருகு. பூஜ்ஜியத்தில் வைத்தால் கடிகாரம். நூறில் வைத்தால் மூன்றாவது கிளாஸுக்குப் பிறகு என் மச்சினன். பதினெட்டில் வைத்தேன். ஆகா! கொஞ்சம் முந்தியது, கொஞ்சம் பிந்தியது, தப்பிய அடியை அடுத்த அடியில் சமாளித்தது. என்னைவிட என்னைப் போலவே வாசித்தது.

அதோடு விட்டேனா? கூட வாசிக்க ஆள் வேண்டாமா? சின்ன மேளம் ஒரு தடம், பெரிய மேளம் ஒரு தடம். மூன்றாவது தடம் ரெப்பிக்கே. அதற்கு 'எல்பியோ' என்று பெயர் வைத்தேன். அந்தத் தடத்தில் பதினொரு நிமிஷத்துக்கு ஒரு இருமல். இருபத்தைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை, "அய்யோ, கை!" இருமலை மட்டும் நாலு விதமாகப் பதிவு செய்தேன். கலைஞன் என்றால் நுணுக்கம் வேண்டும்.

மூன்று மணி. ஒலிபெருக்கிகளை வால்தெமார் அண்ணன் சுவர்ப்பக்கம் திருப்பினேன். பொத்தானை அமுக்கினேன். காதில் பஞ்சு. போர்வை. நான் அடித்தேன், நானே தூங்கினேன். உலகத்தில் எந்த ராஜாவும் அப்படித் தூங்கியிருக்க மாட்டான்.

நாட்கள் ஓடின. என் கண்ணுக்குக் கீழே இருந்த இரண்டு பைகளும் காணாமல் போயின. முதலாளி என் குரோசான் ரொட்டியைப் பாராட்டினார்.

"கை தேறியிருக்கா?" என்றாள் சுல்மா ஒரு மாலை.

"பிரமாதமா தேறியிருக்கு."

"எனக்கும் அப்படித்தான் தோணுது" என்று தன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டாள்.

இன்னொரு மாலை கட்டில் கால்மாட்டிலிருந்த மேளத்தைத் தொட்டேன். தோல் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். எங்கள் அறை ஜன்னல் தெற்குப் பக்கம். பூமியின் தென்பாதியில் இருக்கிற இந்த ஊரில் தெற்கு ஜன்னலுக்கு வெயில் வந்ததாகச் சரித்திரம் இல்லை. யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. வெற்றி வந்தால் மூளை லீவு போட்டுவிடுகிறது.

"சுல்மா, பழைய பேப்பர் கட்டு எங்க?"

"மீன் சுத்தினேன்."

"நாம மீன் வாங்கியே மூணு வாரமாச்சே."

"அதான் சொன்னேனே, பழைய பேப்பர்."

ஒரு மாசம் முடிந்த சனிக்கிழமை. பகல் பதினொரு மணி. நான் சமையலறையில் பால்சோற்றுப் பானையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். நன்றாக அடிபிடித்திருந்தது. வால்தெமார் அண்ணன் கழுத்தில் டேப்போடு உள்ளே வந்தார். ஊர்வல உடுப்புக்கு அளவு எடுக்கிற டேப்!

கரண்டியைக் கீழே வைத்தேன். ஈரக் கையைத் துடைத்தேன். இரண்டு கையையும் சிலுவை மாதிரி விரித்து நின்றேன்.

அண்ணன் என் கைக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போனார்.

"கையைத் தூக்கும்மா, சுல்மா."

சுல்மா தூக்கினாள். தயாராக இருந்தவள் மாதிரி.

"அண்ணே, நான் இங்க இருக்கேன்" என்றேன்.

"தெரியுது. கொஞ்சம் தள்ளிக்க, வெளிச்சத்தை மறைக்கிற."

"ஒரு மாசமா கேட்டீங்களே!"

"கேட்டேன். நீ ரெண்டு ரெண்டு மணி நேரம் விடாம அடிக்க ஆரம்பிச்ச மொதல் மூணு நாளைச் சொல்றேன். கடல் ஈரக் காத்துல தோல் ஒரு தடவகூட தொங்கல. ஏண்டா, இந்தத் தெருவுல எந்த மேளம் இருபது நிமிஷம் தாங்குது? நடுவுல நிறுத்தி, பேப்பரைக் கொளுத்தி, தோலைச் சூடு காட்டி முறுக்கேத்தாம எங்க தாத்தாகூட அடிச்சதில்ல. உன் மேளம் மட்டும் என்ன, தகரமா?"

ஏழு விதக் கையடி. ஏழு விதக் குச்சியடி. நாலு விதமான இருமல். எல்லாம் பதிவு செய்தேன். ஒவ்வொன்றும் நன்றாகச் சூடேற்றிய தோலில். தொங்கிய தோலை எவன் பதிவு செய்வான்?

"அப்பவே லிஸ்ட்லேர்ந்து உன் பேரை அடிக்கப் போனேன்" என்றார் அண்ணன். "நாலாம் நாள் இருபதாவது நிமிஷம் சுருதி இறங்கிச்சு. ரெப்பிக்கே நின்னுது. உங்க முற்றத்துல புகை. எட்டிப் பாத்தா, பேப்பரைக் கொளுத்தறது சுல்மா. திரும்ப ஆரம்பிச்சது பாரு... மயிர்க்கூச்செடுத்துடுச்சு. அந்த இருமலும் அன்னிக்கே குணமாயிடுச்சு."

நான் சுல்மாவைப் பார்த்தேன். அவள் தோள் அளவைக் கொடுத்துக்கொண்டே பேசினாள்.

"மேளம் அடிக்கிறவன் குறட்டை விட்டா சந்தேகம் வராதா, கிழவா? கதவைத் தெறந்தேன். நீ காதுல பஞ்சோட குழந்தை மாதிரி கெடக்குற. மேளம் சும்மா நிக்குது. ஸ்க்ரீன்ல மூணு கோடு ஓடுது. மூணாவதுல உன் பேரு, பக்கத்துல 'எம்'னு ஒரு பொத்தான். அமுக்கினேன். நீ கப்சிப். மத்த ரெண்டும் ஓடுச்சு. இருபத்திரண்டு வருஷமா உன்னை நிறுத்தற பொத்தான் எங்கன்னு தேடிட்டிருந்தேன்."

"நீ... மேளம்... எப்போ கத்துக்கிட்ட?"

"எங்க வீட்ல மூணு அண்ணன். மூணு பேருக்கும் மேளம் குடுத்தாங்க. எனக்கு விசிறியைக் குடுத்து ஆடச் சொன்னாங்க. ஆடினேன். காது சும்மாவா இருந்துச்சு?"

"என்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பேனே!"

"கேட்டிருந்தா, வீம்புக்கு முழிச்சு உக்காந்து நீயே அடிச்சிருப்ப. உனக்குத் தூக்கம் போயிருக்கும், எனக்கு இடம் போயிருக்கும்."

அறைக்குள் போய்ப் பார்த்தேன். 'எல்பியோ' என்ற தடத்தில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஊமை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, யாருக்கும் கேட்காமல், அவள் வாசித்ததைக் கற்பனை செய்து பார்த்தேன். ஒரு மாசம் பத்தடி தூரத்தில் நடந்த கச்சேரி. எனக்குத்தான் பஞ்சு.

திரும்பி வந்தபோது அண்ணன் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "மூஞ்சியைத் தொங்கப் போடாத. ஊர்வலத்தன்னிக்கு லீவு போட்டிருக்கல்ல? நெருப்பு மூட்ட ஆள் வேணும். பழைய பேப்பர் இருந்தா கொண்டா."

"பேப்பரை எல்லாம் மீன் தின்னுடுச்சு" என்றேன்.

அவர் போன பிறகு சுல்மா என் தோளில் தட்டினாள். அடடா, அந்தத் தட்டிலேயே என்ன ஒரு நிதானம்.

"கிழவா, நாளையிலேர்ந்து அந்த மத்த ரெண்டு மேளத்தையும் கொஞ்சம் வேகமா வெச்சுக் குடு. ஊர்வல வேகத்துல பழகணும்."

"சரி. மூணாவது தடத்தை என்ன செய்யட்டும்?"

"அது இப்படியே இருக்கட்டும்."

பானையில் பால் இன்னும் பிடித்துத்தான் இருந்தது. கரண்டியை எடுத்துச் சுரண்டத் தொடங்கினேன்.