பாதி மாப்பிள்ளை

தெரியாத எதையும் "தெரியும்" என்று சொல்லிவிடும் வியாதி எனக்கு உண்டு. அது முற்றிப்போனது என் மாமனார் வீட்டில்தான்.

கல்யாணமான புதிது. தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் போனால், என் மனைவி கலையின் பெரியப்பா சீட்டுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். (இவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்போம்.)

"மாப்ளைக்கு ஒமாஹா தெரியுமா? ஜெயிச்சத மேல பாதி, கீழ பாதின்னு பிரிக்கிற ஆட்டம்."

"தெரியும் மாமா." (எனக்குத் தெரிந்தது ரம்மி. அதிலும் தோற்க மட்டும்.)

ஆனாலும் அவர் விளக்கினார். ஆளுக்கு நான்கு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. கையிலிருந்து சரியாக இரண்டு, நடுவிலிருந்து மூன்று சேர்க்க வேண்டும். பந்தயக் குவியலில் பாதி உசந்த கைக்கு (ஐந்தும் ஒரே இனமாக இருந்தால் பெரிய கை), மீதி தாழ்ந்த கைக்கு. தாழ்ந்த கை என்றால் எட்டுக்கு மேல் போகாத ஐந்து வெவ்வேறு சீட்டுகள்; அங்கே ஏஸ் என்பது ஒன்று.

"ரெண்டு பக்கமும் போற மாதிரி கை வந்தாத்தான் ஆடணும். இல்லன்னா சீட்டக் கவுத்துட்டுப் போயிடணும்," என்றார். நான் தலையாட்டினேன். காதில் விழுந்தது பாதிதான்.

பந்தயம் முந்திரிப் பருப்பு. முந்திரி முதலில் தீர்ந்தவர், பெரிய மார்க்கெட்டில் வாங்கி வந்திருந்த இரண்டு கிலோ இறாலை உரிக்க வேண்டும்.

"எறா உரிக்கத் தெரியுமா மாப்ள?" என்றார் மூன்றாவது கையாக உட்கார்ந்த கலையின் அண்ணன் சேகர்.

"தெரியும்."

ஒரு மணி நேரத்தில் பெரியப்பாவின் முன்னால் முந்திரி மலை. எனக்கும் சேகருக்கும் பத்துப் பத்துதான் மிச்சம். அப்போது நடுவில் நான்கு, ஆறு, ஏழு, ராணி என நான்கு இஸ்பேட் விழுந்தன. கூட ஒரு டைமண்ட் ராஜா. என் கையில் இஸ்பேட் ஏஸ். பத்தையும் தள்ளினேன். சேகரும் தள்ளினார். பெரியப்பாவும் பத்து வைத்தார்.

"அஞ்சும் இஸ்பேட் மாமா. ஏஸோட," என்று சீட்டுகளை விரித்தேன். குவியலை என் பக்கம் இழுத்து, மூன்று முந்திரியை வாயில் போட்டும் விட்டேன்.

"கையில எத்தன இஸ்பேட் மாப்ள?" பெரியப்பா மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணு."

"ரெண்டு வேணும்னு சொன்னனே." தன் கையிலிருந்து இரண்டு இஸ்பேட்டை எடுத்து வைத்தார். "மேல் பாதி என்னுது."

"கீழ்ப் பாதி என்னுது. ஏஸ், மூணு," என்றார் சேகர். "எறா கொல்லையில இருக்கு மாப்ள."

மாமியார் வாசற்படியில் நின்று என் வாயையே பார்த்தார். புது வேட்டியோடு இறால் சட்டிமுன் உட்காரப் போகும் என்னை நானே பார்த்துவிட்டேன்.

பின்னால் நின்ற கலை குனிந்து, நான் கவனிக்கவே கவனிக்காத ஹார்ட்டின் இரண்டைத் தொட்டாள்.

"இருண்ணா. இவருகிட்ட ஏஸ், ரெண்டு. நடுவுல நாலு, ஆறு, ஏழு. உன்னுது மூணு. இவருதான் ஒனக்கும் கீழ."

பெரியப்பா விரல்விட்டு இரண்டு முறை எண்ணினார். "செ பொன்," என்றார், சரிதான் என்று பிரெஞ்சில். "கீழ்ப் பாதி மாப்ளயோடது. தின்ன மூணக் கழிச்சுக்குவோம்."

முந்திரி தீர்ந்துபோன சேகர் எழுந்து கொல்லைக்குப் போனார். நான் காலை நீட்டி, மகாராஜா போலச் சாய்ந்துகொண்டேன்.

"நெசமாவே தெரிஞ்சா ஆடுனீங்க?" கலை காதோரம் கேட்டாள்.

"தெரியும்," என்றேன்.

அன்று மதியம் நான் தின்ற இறால் தொக்குக்கு ஈடாக இன்றுவரை எதையும் தின்றதில்லை. ஆனால் சேகர் சும்மா விடவில்லை. அந்த வீட்டில் நான் அன்றிலிருந்து 'பாதி மாப்ள'. கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் எழுதும்போதுகூட 'பாதி மாப்ளதானே?' என்று கேட்டுத்தான் எழுதுகிறார்கள். எங்களுக்குக் குழந்தை பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டவரும் சேகர்தான்.

"பாதி மாப்ளைக்கு முழுசா ஒரு பொண்ணு பொறந்திருக்கு."