மைனர் பல்லி

மேலே பல்லி விழுந்தால் எல்லோரும் எந்த இடத்தில் விழுந்தது என்று பார்ப்பார்கள். விழுந்த பல்லியைப் புரட்டி அதன் தொடையைப் பார்த்தவர், எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவர்தான். ஐம்பதுகளில் செங்கல்பட்டில் நான் குடியிருந்த வீட்டின் மாடி அறைக்காரர். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்தினார். ஊர் வைத்த பெயர் பல்லி வாத்தியார்.

ஆண் பல்லிக்குப் பின்னந்தொடையின் அடியில், தோலுக்குள் சுரப்பிகள் உண்டாம். குட்டியில் மூடிக் கிடக்கும். பருவம் வந்ததும் வரிசையாகத் துளைகள் திறந்து மெழுகு போல ஒன்று கசியும். அது திறக்கும் நாளைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதே அவருடைய ஒரே கவலை. கல்யாணம் செய்துகொள்ளக்கூட அவருக்கு ஒழியவில்லை.

ஒரு தடவை மாமல்லபுரத்துக்கு அவரோடு போய் மாட்டிக்கொண்டேன். கல் ரதங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சவுக்குத் தோப்பில் மண்டியிட்டு, ஓர் ஓணானை மல்லாத்திப் பூதக்கண்ணாடியால் ஆராய்ந்தார். வலையோடு போன மீனவர் ஒருவர் நின்றுவிட்டார்.

"இன்னா அண்ணாத்த, ஓணானுக்கு வைத்தியம் பாத்துகினு கீறியா?"

"இதுக்குத் தொடையில சுரப்பித் துளையே கெடயாதுப்பா" என்றார் வாத்தியார், துக்க வீட்டுக் குரலில்.

"அடப் பாவமே!" என்று மீனவர் நிஜமாகவே வருத்தப்பட்டுவிட்டுப் போனார்.

வாத்தியாரின் அறைச் சுவரில் முட்டையிலிருந்து அவர் வளர்த்த பல்லி ஒன்று இருந்தது. முதுகில் சிவப்புச் சாயப் பொட்டு. தினமும் காலையில் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் இல்லே" என்று அறிவிப்பார். அதைக் கேட்டுத்தான் நான் ஆபீசுக்குக் கிளம்புவேன்.

வீட்டுக்காரர் கோதண்டத்தின் மகள் சரசாவைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முன் வந்த இடமெல்லாம் சகுனத்தில் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் அவ்வளவுதான் என்று அவள் அம்மா முதல் நாளிலிருந்தே அழுதுகொண்டிருந்தாள். பையனின் அப்பா மதுராந்தகத்துக்காரர். தினம் ரயிலில் செங்கல்பட்டு கோர்ட்டுக்கு வரும் வக்கீல் குமாஸ்தா. வாத்தியாரும் நானும் கூடத்தில் ஒத்தாசைக்கு நின்றிருந்தோம். குமாஸ்தா பஜ்ஜியைக் கடிக்கும்போது அவர் வழுக்கைத் தலையில் சொத்தென்று ஒரு பல்லி விழுந்தது. மாடியிலிருந்து எப்படியோ இறங்கி வந்திருந்த சிவப்புப் பொட்டுப் பல்லி!

"தலையில வுழுந்துட்டுது. இனிமே இன்னா பேச்சு? எந்திரிங்க" என்றார் குமாஸ்தா.

வாத்தியார் பாய்ந்து பல்லியைப் பிடித்தார். புரட்டினார். பூதக்கண்ணாடியை வைத்ததும் முகம் பூரித்துப்போயிற்று. அப்புறம் சரசாவைப் பார்த்தார்.

"இன்னும் இல்லே" என்றார். "ஐயா, இந்தச் சகுனம் செல்லாது. இது மைனர்."

"பல்லியில இன்னாய்யா மைனரு?"

"தொடையில சுரப்பி தொறந்தாதான் மேஜர். மைனர் கையெழுத்துப் போட்டா ஒங்க கோர்ட்டுல ஒத்துக்குவாங்களா?"

குமாஸ்தா யோசித்தார். சட்டம் சட்டம்தானே. ஆனாலும் சாட்சி கேட்டார். பூதக்கண்ணாடி என் கைக்கு வந்தது. இரண்டு தொடையிலும் ஊசியால் குத்தினாற்போல் வரிசையாகத் துளைகள். ஒவ்வொன்றிலும் துளி மெழுகு. கதவோரம் சரசா வெற்றிலைத் தட்டோடு நின்றாள்.

"ஒண்ணுமே இல்லீங்க" என்றேன்.

சம்பந்தம் முடிவாயிற்று. அதன்பின் கோர்ட்டு முடிந்து வரும்போதெல்லாம் குமாஸ்தா, "நம்ம மைனரு எப்படி கீறான்?" என்று விசாரிப்பார். "அப்படியேதான் கீறான்" என்பார் வாத்தியார். ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்க வேண்டியதை வாயைக் கட்டிக்கொண்டு அடக்கிவைத்திருந்தார். பாவம், அந்த நாட்களில் இளைத்தே போனார்.

கல்யாணத்தில் தாலி ஏறியதுதான் தாமதம், கெட்டி மேளத்துக்கு நடுவில் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"தொறந்துடுச்சு சார்! வரிசையா, மெழுகோட!"

கண்ணில் தாரை தாரையாய் நீர். பெண்ணுக்காக அழுகிறார் என்று பந்தலில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.