கப்பல் இறங்கியும் ஆடிய தரை

பூசையில் எல்லாரும் எழுந்து நின்றபோது சகாயராஜும் எழுந்தார். எழுந்த வேகத்தில் முன்வரிசையில் நின்றவரின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பிடிபட்டவர் திரும்பினார். சகாயராஜின் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்தார். மூக்கைச் சுருக்கி ஒருமுறை மோந்தார். ஒன்றும் கிடைக்காததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் மனைவி ரோசலின் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோயில் ஆடுது ரோசலின்."

"கோயில் அங்கேயேதான் நிக்குது. நீங்கதான் ஆடுறீக."

ஒன்பது நாளாக இதே கதை. அது மழை பொய்த்த 2003ஆம் வருஷம். திண்டுக்கல்லைச் சுற்றிக் கிணறெல்லாம் வற்றி, சம்சாரிகள் எழுநூறு அடி, எண்ணூறு அடி என்று போர் போட்டார்கள். அவர்களுக்கெல்லாம் பைப்பு சகாயராஜின் கடையில்தான். ஊர் காய்ந்து தன் கடை செழிப்பது அவர் மனதை உறுத்தியது. அதனால் மழைக்காகத் தினமும் இரண்டு தடவை ஜெபித்தார். ஆண்டவர் மழையைத் தரவில்லை. பைப்புக் கம்பெனி கப்பலைத் தந்தது.

அதிகம் விற்ற டீலர்களுக்குச் சிங்கப்பூரிலிருந்து நாலு நாள் உல்லாசக் கப்பல். கூட வந்தவர்களெல்லாம் கப்பலில் வாந்தி எடுத்து, கரை இறங்கியதும் தெளிந்துவிட்டார்கள். சகாயராஜுக்குக் கப்பலில் ஒரு குறையும் இல்லை. இறங்கிய பிறகுதான் கடல் அவர் காலுக்கடியில் வந்து சேர்ந்தது. நின்றால் தரை ஏறி இறங்கியது. படுத்தால் கட்டில் மிதந்தது. கண்ணை மூடினால் அலை இன்னும் பெரிதானது.

மதுரையில் ஒரு காது டாக்டர் விளக்கைப் போட்டு இரண்டு காதையும் பார்த்தார்.

"காதுல குறையில்ல. உடம்பு கரைக்கு வந்துருச்சு, மூளை இன்னும் கப்பல்லயே இருக்கு. தானா எறங்கிரும்."

"எப்ப சார் எறங்கும்?"

"சிலருக்கு ஒரு மாசம். சிலருக்கு ஒரு வருஷம்."

வீட்டுக்கு வந்ததும் ரோசலின் கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள்.

"தலை சுத்துதுன்னு வெளிய மூச்சு விட்றாதீக. அப்பனுக்குக் காக்கா வலிப்பு, மகளுக்கும் இருக்கும்னு கெளப்பி விட்ருவாக. ஞாயித்துக்கெழமை சின்னாளப்பட்டியில இருந்து பொண்ணு பாக்க வாராக."

சகாயராஜ் வாயை மூடிக்கொண்டார். மகள் அறிவுச்செல்விக்கு இருபத்தொன்பது வயது. வந்த இரண்டு வரன்களும் கைக்கு எட்டித் தட்டிப்போயின. இரண்டாவது வரன் போன அன்று அவள் அழவில்லை. பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள்களை எடுத்து வைத்துத் திருத்த ஆரம்பித்துவிட்டாள். அழுதிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் அவனுடைய தாய் மரியபுஷ்பமும் தாய்மாமன் சேவியரும் வந்தார்கள். மாப்பிள்ளை கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர், அடக்கமான பையன். மரியபுஷ்பம் வாயே திறக்காத ஆள். அவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சேவியர் பேசினார்.

"எனக்கு ஒரே ஒரு கண்டிசன்தான். எந்தங்கச்சி புருசன் குடிச்சே செத்தான். சம்மந்தம் பண்ற வீட்ல ஒரு சொட்டு வாசம் இருக்கக் கூடாது. நீங்க பங்குல மதுவிலக்குச் சபைச் செயலாளர்னு கேள்விப்பட்டுத்தான் படியேறுனோம்."

"இருபது வருசமா நான்தாங்க செயலாளர்" என்று சொல்லியபடி கைகூப்பி எழுந்தார் சகாயராஜ். கூப்பிய கை சேவியரைப் பார்த்திருந்தது. உடம்பு ஜன்னலைப் பார்த்துச் சாய்ந்தது.

காபித் தட்டோடு வந்த ரோசலின் ஒரு கையில் தட்டையும் மறு கையில் புருஷனின் முழங்கையையும் பிடித்தாள். கூப்பிடும்வரை உள்ளே இருக்க வேண்டிய அறிவுச்செல்வி ஓடிவந்து அவருக்குப் பின்னால் முக்காலியைத் தள்ளினாள். கடையில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கும் முனீர், பலகாரப் பொட்டலத்தைப் போட்டுவிட்டு முதுகைத் தாங்கினார். பழகிப்போன காரியம்போல மூன்று பேரும் சத்தமில்லாமல் செய்து முடித்தார்கள்.

சேவியரின் புருவம் ஏறியது.

"கால் சுளுக்கு" என்றாள் ரோசலின்.

"ஆணி குத்திருச்சு" என்றார் முனீர், அதே நேரத்தில்.

"சுளுக்குன கால்லயே ஆணியும் குத்திருச்சு" என்றாள் அறிவுச்செல்வி.

மரியபுஷ்பம் காபியைக் கீழே வைத்துவிட்டு அந்த மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். புறப்படும்போது ரோசலினின் கையைப் பிடித்து, "எனக்குச் சம்மதம்" என்றார்.

"அது சரி. நான் விசாரிச்சிட்டுச் சொல்றேன்" என்றார் சேவியர்.

அவர் விசாரிப்பார் என்பதால் காலுக்குக் கட்டுப் போட வேண்டியதாயிற்று. தினமும் காலையில் ரோசலின் அவசரத்தில் கட்டிவிடுவாள். புதன்கிழமை சேவியர் கடைக்கே வந்துவிட்டார். வந்தவர் குனிந்து சகாயராஜின் காலைப் பார்த்தார்.

"அன்னைக்கு வலது காலைத்தானே தாங்கித் தாங்கி வச்சீக?"

சகாயராஜ் தன் இடது கால் கட்டைப் பார்த்தார்.

"வலி எடம் மாறிருச்சுங்க" என்றார் முனீர்.

"ஆணியுமா?"

சேவியர் போனபின் முனீர் தலையில் அடித்துக்கொண்டார். "முதலாளி, இது கட்டுக்கு அடங்காது. எங்க தெருவுல ஒரு ஓமியோபதி டாக்டர் இருக்காரு. செத்த நேரம் வாங்க, போயிட்டு வந்துருவோம்."

ஓமியோபதி டாக்டர் ஒரு கண்ணாடிக் குப்பியைக் கொடுத்தார். நாக்கில் பத்துச் சொட்டு, தினம் மூன்று வேளை. சொட்டு இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் மருந்தைக் கலந்திருந்தது சுத்தமான ஸ்பிரிட்டில். மூன்றாம் நாள் சகாயராஜ் ஆடிக்கொண்டும் மணத்துக்கொண்டும் சபைக் கூட்டத்தில் எழுந்து, "அன்பான சகோதரர்களே, மதுவின் தீமை" என்று தொடங்கினார். சகோதரர்கள் நாற்காலிகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள்.

டீலர் டூர் என்றால் திண்டுக்கல் கடைவீதிக்கு ஒரே அர்த்தம்தான்: இலவசச் சரக்கு. "இருபது வருசமா அடக்கி வச்சிருந்தாரு, கப்பல்ல ஓசியில கெடச்சதும் ஒடஞ்சிருச்சு" என்றார் ஒருவர். கேட்ட எல்லாருக்கும் அது பொருத்தமாகவே பட்டது.

மறுநாள் பங்குச் சாமியார் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷர். குரலை உயர்த்தவே இல்லை.

"சகாயம், கொஞ்ச நாள் சபைப் பொறுப்பை வேற யாராவது பாக்கட்டும். பலவீனம் யாருக்கும் வரும். நான் உங்களுக்காக ஜெபிக்கிறேன்."

"சாமி, நான் ஒரு சொட்டுக்கூட..." என்று தொடங்கினார் சகாயராஜ். ஒரு நாளைக்கு முப்பது சொட்டு என்பது நினைவுக்கு வர, அப்படியே நிறுத்திக்கொண்டார்.

அன்று கடையைத் திறக்கவில்லை. வீட்டில் மாதா படத்துக்கு முன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படம் மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. எப்போதோ கடை வாசலில் தள்ளாடிக்கொண்டு நின்ற மூக்கையா என்ற கிணறு வெட்டும் ஆள் ஞாபகத்துக்கு வந்தார். தண்ணீர் கேட்ட அவரை, "குடிச்சிட்டு இங்க வராதே" என்று சகாயராஜ் விரட்டியிருந்தார். குடித்திருந்தாரா, பட்டினியா, காய்ச்சலா என்று கேட்கவில்லை. ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டிருக்கலாம். அந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறாரோ. சகாயராஜ் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். மூடியதும் அலை அதிகமானது. துண்டை எடுத்துவிட்டு, கண்ணைத் திறந்தபடியே அழுதார்.

குப்பியைத் தூக்கிப் போட்டாயிற்று. ஆட்டம் போகவில்லை. ஒருநாள் கடைக்குப் பைப்புச் சரக்கு எடுக்க டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். பஸ் கிளம்பியது. உலகம் நின்றது. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு தலைக்குள் ஒரு அமைதி. பஸ் குலுங்கக் குலுங்க அவர் பச்சைப்பிள்ளை மாதிரித் தூங்கிப்போனார்.

அதன்பிறகு மத்தியானம் ஆனால் சின்னாளப்பட்டி பஸ்தான். போவார், வருவார், மறுபடி போவார்.

"ஐயா, எறங்கலையா?" என்று கேட்டார் கண்டக்டர்.

"எறங்குனா ஆடுதுப்பா. திரும்ப ஒரு டிக்கெட் குடு."

மறுநாளிலிருந்து கண்டக்டர் ஜன்னலோரத்து இருக்கையில் தன் பையை வைத்து இடம் பிடித்து வைத்தார்.

ஆனால் ஒருநாள் சின்னாளப்பட்டியில் பஸ் பழுதாகி எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். சகாயராஜ் தரையில் கால் வைத்தார். மூளை கப்பலுக்குத் திரும்பியது. கைக்குக் கிடைத்தது ஒரு விளக்குக் கம்பம். இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். கம்பத்துக்கு நேர் பின்னால் பிராந்திக் கடை. நேர் எதிரே, சைக்கிளில் சேவியர்.

"சம்மந்தியா?" என்றார் சேவியர், காலை ஊன்றி.

"ஆமாங்க. சும்மா... காத்து வாங்க."

"சின்னாளப்பட்டிக்கா?"

"பஸ்ல இருக்கிறவரைக்கும் நல்லாத்தான் இருந்தேன். எறங்குனதும்தான் இப்படி."

சேவியர் பிராந்திக் கடையைப் பார்த்தார். கம்பத்தைப் பார்த்தார். சைக்கிளை மிதித்தார்.

நிச்சயதார்த்தத்துக்கு ஏற்கனவே தேதி குறித்திருந்தார்கள். அது அன்றே நின்றுபோகும் என்று ரோசலின் பயந்தாள். நிற்கவில்லை. குறித்த தேதியில் வருவதாகத் தகவல் வந்தது. "எந்தங்கச்சிதான் ஒத்தக் கால்ல நிக்கிறா. எனக்கு இஷ்டமில்ல" என்று சேவியர் சொல்லி அனுப்பியிருந்தார். ஒற்றைக் காலில் நிற்க முடிகிறவர்கள்மேல் சகாயராஜுக்கு அப்போது பொறாமையாக இருந்தது.

நிச்சயத்தன்று வீடு நிறையச் சனம். மற்ற எல்லாவற்றையும் உட்கார்ந்தே முடித்துவிடலாம். ஆனால் தட்டு மாற்றுவதை உட்கார்ந்து செய்ய முடியாது. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் எதிரெதிரே நின்று, பூவும் பழமும் வைத்த தட்டை மூன்று முறை கைமாற்ற வேண்டும்.

ரோசலின் திட்டம் போட்டிருந்தாள். வலது தோளில் அவள், இடது தோளில் மகள், பின்னால் வேட்டி இடுப்பைப் பிடித்தபடி முனீர்.

"முதலாளி, நீங்க சாய்ஞ்சா நான் இழுக்கிறேன். மூச்சு மட்டும் நீங்க விடுங்க, மிச்சத்தை நாங்க பாத்துக்கிறோம்" என்று காதில் சொன்னார் முனீர்.

முதல் மாற்று நல்லபடியாக முடிந்தது. இரண்டாவதில் சகாயராஜ் முன்னே வந்தபோது சேவியர் பின்னே போனார். அவர் பின்னே போனபோது சேவியர் துரத்திப் பிடித்தார். மூன்றாவது மாற்றுக்கு முன் உபதேசியார், "கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார்.

எல்லாரும் மூடினார்கள். ஜெபத்தில் ஒருநாளும் கண்ணைத் திறந்து வைத்துப் பழகாத சகாயராஜும் மூடினார்.

ஒரே அலை. தட்டு பறந்தது. சிறுமலை வாழைப்பழச் சீப்பு உபதேசியாரின் மடியில் போய் உட்கார்ந்தது. தேங்காய் உருண்டு கட்டிலுக்கடியில் போனது. சகாயராஜின் தலை தரையைத் தொடுவதற்குள் ஆறு கைகள் அவரைத் தாங்கியிருந்தன. ரோசலின் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். அறிவுச்செல்வி நிச்சயப் புடவையோடு தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"போதும்மா" என்றார் சகாயராஜ். மகளைப் பார்த்தார். அவள் முகத்தில் பரீட்சைத் தாள் திருத்தப்போகிற அமைதி வந்துகொண்டிருந்தது. "இனி பொய் சொல்ல எனக்குத் தெம்பில்ல. எல்லாரும் கேளுங்க. காலும் சுளுக்கல, ஆணியும் குத்தல. நான் கப்பல்ல போனேன். எறங்கியும் எனக்கு அந்த ஆட்டம் நிக்கல. வியாதின்னு சொன்னா மக கல்யாணம் நின்னுரும்னு மறச்சோம். மாதா மேல ஆணை, ஒரு சொட்டுக் குடிச்சதில்ல."

சேவியர் சிரித்தார்.

"கேட்டீகளா? நாலு மாசத்துக்கு முன்னாடி ஏறுன கப்பலு இன்னைக்கு இவரத் தள்ளி விடுதாம்! எந்திரி தங்கச்சி, போவோம். மாப்ளை, செருப்பைப் போடு."

மாப்பிள்ளை எழவில்லை. தாயின் முகத்தைப் பார்த்தான். மரியபுஷ்பம் எழுந்து சேவியரைத் தாண்டிப் போனார். குனிந்து, சிதறிய வெற்றிலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் வைத்தார். தட்டை எடுத்துவந்து, மகளின் மடியில் தலைவைத்துக் கிடந்த சகாயராஜின் கையிலேயே கொடுத்து, தானே மூன்றாவது முறை வாங்கிக்கொண்டார்.

"தங்கச்சி! உனக்குக் கிறுக்கு பிடிச்சிருச்சா?" என்று கத்தினார் சேவியர்.

வந்த நாளிலிருந்து நாலு வார்த்தைக்குமேல் பேசாத மரியபுஷ்பம் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"நம்ம வீட்ல அந்த மனுசன் விழுந்தப்பயெல்லாம் நாம கதவைச் சாத்திக்கிட்டோம்ணே, இங்க ஒரு வார்த்தை திட்டாம மூணு பேரு ஓடிவந்து தாங்குறாகளே, அதைப் பாத்துட்டு, இவரு குடிகாரருன்னு மொத நாளே தெரிஞ்சுதானே நான் சரின்னு சொன்னேன்!"