மஞ்சள் பட்டையின் அகலம்

அன்புத் தங்கைக்கு,

தையல்கடை அண்ணன் எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் வலி ஏதுமில்லாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

"அங்க எதுக்குண்ணா தனியா கிடக்கறே, எங்ககிட்ட வந்துடு" என்று எத்தனை வருடமாகக் கூப்பிடுகிறாய். வருகிறேன், விசா வேலையைத் தொடங்கு. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த நாளில்தான் எனக்கு இந்தப் புத்தி கிடைத்தது.

சுதந்திர தினத்துக்கு நம் தெருக் கொடிகளை இந்தத் தடவை என்னிடம் தைக்கக் கொடுத்தார்கள். கொடியில் இனத்துக்கு ஒரு பட்டை, ஓரத்து மஞ்சள் நமக்கு என்பது உனக்குத் தெரியும். ஓரம் என்பதால் மடித்துத் தைத்ததில் மஞ்சள் ஒரு விரல் குறைந்துவிட்டது. நம்மாட்கள் கடை வாசலில் கூடிவிட்டார்கள். "உன் கையாலயே நம்மள ஒதுக்கிட்டியேப்பா" என்றார் மருந்துக்கடைக்காரர். சரியென்று எல்லாவற்றையும் பிரித்து மஞ்சளை அகலமாக்கினால், எதிர்வரிசை பேக்கரிக்காரர், அவர் பெரும்பான்மை இனம், இஞ்ச் டேப்போடு வந்து அளந்து பார்த்து, "இன்னிக்கு ஒரு விரல் எடுத்துக்கிட்டீங்க, நாளைக்கு?" என்று கேட்கிறார். மத்தளத்துக்கு இரண்டு பக்கம்தான் இடி, எனக்கு நாலு பக்கமும். புகார் விழாவுக்கு வந்த அதிகாரிவரை போய், அவர் மேடைப் பக்கம் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க எந்த ஊரு?"

"இதே தெருதாங்க."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி எங்கம்மா வயித்துல இருந்தேங்க."

கூட்டம் சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பிறந்த தெருவிலேயே நின்றுகொண்டு ஊர் எது என்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே.

வீட்டுக்கு வந்து உன் அறையில் உட்கார்ந்திருந்தேன். சின்ன வயதில் ஒரே காகிதக் கொடியை யார் சட்டையில் குத்திக்கொள்வது என்று உருண்டு புரண்டு சண்டை போட்டோமே, அப்போது அதில் எது நம் பட்டை என்று நாம் பார்த்ததே இல்லை. அந்தச் சண்டைக்கு மனசு ஏங்குகிறது. உன்னைப் பார்க்கவும்தான். அதனால் வருகிறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு மாமாவின் முத்தங்கள். நீ நூறு வயசு நன்றாக இரு.

இப்படிக்கு,
பெட்டி கட்டத் தொடங்கிவிட்ட உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பேக்கரிக்காரர் தன் கொடியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். நான் ஊரைவிட்டுப் போகிறேன் என்று சொன்னேன். அவர் கொடியை விரித்து, "காத்துல மஞ்சள் கிழிஞ்சுபோச்சு. இது இல்லாம எப்படிங்க கட்டறது?" என்றார். தைத்துக் கொடுத்தேன். அடுத்த வருடக் கொடிகளுக்கும் துணி எடுத்தாகிவிட்டது, இந்த முறை மஞ்சளில் மடிப்புக்கும் சேர்த்தே வெட்டுவேன். விசா வேண்டாம். நீ வாம்மா. உன் அறையைத் தினமும் பெருக்கித்தான் வைத்திருக்கிறேன்.