என் பீடையை நீ ஏன் எடுத்துக்கினு போற?

குற்றவாளி என்று யாரும் பிறப்பதில்லை. கோயில் வாசலில் அவசரமாகச் செருப்பு மாட்டும்போதுதான் உருவாகிறான். இது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். நான் குற்றவியலில் எம்.ஏ.

தொண்ணூறுகளின் மயிலாப்பூரில் அந்தப் படிப்பின் பெயரைச் சொன்னால் இரண்டே கேள்விகள் வரும். "போலீஸ்ல சேரப் போறியா?" என்பது ஒன்று. "அப்படி என்னடா தப்பு பண்ணினே?" என்பது இன்னொன்று. நான் அசரவில்லை. மனிதன் ஏன் திருடுகிறான் என்பதற்கு என் கைவசம் வகை வகையாக விளக்கங்கள் இருந்தன. வறுமை, சகவாசம், வளர்ப்பு, மண்டையின் வடிவம் (இந்தக் கடைசி விளக்கத்தை உலகம் எப்போதோ தூக்கி எறிந்துவிட்டது; நான்தான் விடாமல் பஸ்ஸில் எதிரே உட்காருகிறவர்களின் தாடையை அளந்துகொண்டிருந்தேன்). இவற்றில் எனக்கு உயிரானது முத்திரைத் தியரி. ஒருவனுக்கு நாலு பேர் சேர்ந்து 'திருடன்' என்று முத்திரை குத்திவிட்டால், அப்புறம் அவன் தும்மினாலும் திருட்டுத் தும்மலாகத்தான் தெரியும் என்பது அதன் சாரம்.

படிப்பு முடிந்து அடையாறில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைத்ததும் அம்மா ஒரு ஜாதகத்தோடு வந்தாள். பெண் பெயர் உமா. ஜாதகத்தை அம்மா பார்த்தாள், போட்டோவை நான் பார்த்தேன். அந்த நிமிஷமே நான் சரண். பெண்ணின் அப்பா சிவராமன் மாமாதான் யோசித்தார். கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்க்கை முழுவதும் தீர்ப்புக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த மனிதர். "குத்தத்தைப் பத்தி எதுக்குப் படிக்கணும்? பண்ணினா உள்ள போடணும், அவ்வளவுதானே?" என்று கேட்டாராம். அதனால், "ஆத்துல வேண்டாம். கோயில்ல பாத்துப்போம். சரிப்படலேன்னா சாமி கும்பிட வந்தோம்னு போயிடலாம்" என்று ஏற்பாடாயிற்று.

ஆவணி மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். பாண்டி பஜாரில் ஆடித் தள்ளுபடியில் வாங்கி, இந்த நாளுக்காகவே பொத்திவைத்திருந்த பழுப்புத் தோல் செருப்பில் போனேன். (அந்த ஆடியில் பாதித் தென்சென்னை அதே குவியலிலிருந்து அதே செருப்பைத்தான் அள்ளியிருக்கிறது என்பது எனக்குத் தெரியாது.) எல்லோரும் பூக்கடையில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனோம்.

பிரகாரம் சுற்றும்போது நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம்.

"தண்டனை பலமா இருந்தா எவனும் திருட மாட்டான்" என்றார் மாமா.

"இல்ல மாமா. திருடன்னு உண்மையில யாருமே கிடையாது. சமூகம்தான் அப்படிப் பேர் வெக்கறது."

"அப்போ ஜெயில்ல இருக்கறவாள்லாம் யாரு? மாப்பிள்ளை வீட்டுக்காராளா?"

உமா தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். எனக்குத்தான் அந்தச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு தியரி சொன்னேன். அம்மா முழங்கையில் கிள்ளினாள். "சாமியைப் பாருடா, கடன்காரா."

வெளியே வந்தபோது அம்மா சனீஸ்வரனிடம் பின்தங்கிவிட்டாள். மாமாவும் உமாவும் முன்னாலேயே வந்து செருப்பு மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு என்னைப் பற்றித்தான், சந்தேகமில்லை. அந்தப் பரபரப்பில் பழுப்புச் செருப்பில் காலை நுழைத்தேன். கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. புதுச் செருப்பு, பழகிவிடும் என்று இரண்டு எட்டு வைத்தேன். தோளில் ஒரு கை விழுந்தது.

"இன்னா நைனா, என் செருப்ப மாட்டிக்கினு எங்க போற?"

திரும்பினால், கோபுரத்தை மறைக்கிற மாதிரி ஓர் ஆள். "இது என்னுதுங்க" என்றேன். அவர் குனிந்து என் காலிலிருந்து இரண்டையும் கழற்றி, ஒன்றைத் திருப்பிக் காட்டினார். குதிகாலில் வரிசையாக ஆணி. "நான் அடிச்ச ஆணிப்பா. உன்னுதுன்னா எங்க அடிச்ச, சொல்லு!"

கூட்டம் கூடிவிட்டது. நான் இரண்டு வருஷம் படித்த பாடத்தை அவர்கள் இரண்டு நிமிஷத்தில் நடத்தி முடித்தார்கள்.

"வேலை வெட்டி இல்ல, அதான்."

"சினிமா பாத்துக் கெட்டுப் போறானுங்க."

"பெத்தவா வளர்த்த லட்சணம்."

"மூஞ்சியப் பாரேன், திருட்டு முழி." (மண்டைத் தியரி! நான் விடாதது சரிதான்.)

பூக்காரம்மா மட்டும் எனக்காக வாதாடினார்: "பூவெல்லாம் வாங்குச்சே, பாவம்." யாரோ அந்த ஆளையும் சமாதானப்படுத்தினார்கள்: "விடுப்பா. சனிக்கெழம கோயில்ல செருப்பு போனா பீடை போச்சுன்னு அர்த்தம்."

"என் பீடை எனக்கு வேணும்! அத்த இவன் ஏன் எடுத்துக்கினு போறான்?"

உதவிக்கு மாமாவைப் பார்த்தேன். அவர் கோபுரத்தின் உச்சியில் எதையோ தீவிரமாகத் தேடிக்கொண்டிருந்தார். சாமி கும்பிட வந்தவர், அவ்வளவுதான். சம்பந்தம் போயிற்று என்று தலை குனிந்தேன். குனிந்த இடத்தில் மாமாவின் கால்கள். அவற்றில் என் செருப்பு. பட்டையின் ஓரத்தில் கடை ஸ்டிக்கர்கூட அப்படியே இருந்தது. (அதைப் பிய்க்கச் சொல்லி அம்மா காலையிலிருந்து கத்தியிருந்தாள்.)

விரலை நீட்டினால் போதும், நான் விடுதலை. ஆனால் விரல் நீளவில்லை. அந்தக் கூட்டத்தின் கையில் அவரைக் கொடுக்க மனசு வரவில்லை. வாழ்நாளெல்லாம் 'குற்றவாளி' என்ற சொல்லை எழுதிக் கட்டிவைத்த மனிதர். அதோடு, போட்டோவில் இருந்த மூக்கு அவருடைய மூக்கு.

"தலையைத் தொங்கப் போட்டுக்கினான் பாரு, ஒத்துக்கினான்!" என்றது கூட்டம்.

உமா என் கண் போன இடத்தைப் பார்த்தாள்.

"அப்பா, உங்க காலைப் பாருங்கோ."

மாமா கோபுரத்திலிருந்து இறங்கிவந்து தன் காலைப் பார்த்தார். பூக்கடை ஓரத்தில் ஒரு ஜோடி பழுப்புச் செருப்பு, அவருடையது, கேட்பாரற்றுக் கிடந்தது.

கூட்டம் உடனே உருகிவிட்டது. "பெரியவர், பாவம். கண்ணு தெரிஞ்சிருக்காது." "யாருக்கும் வர்றதுதான்." அந்த ஆள் கையெடுத்தே கும்பிட்டார்: "நீங்க போட்டுக்கிட்டா இன்னா சாமி, தப்பே இல்ல." நான் செய்தால் திருட்டு, அவர் செய்தால் மறதி! என் முத்திரைத் தியரிக்கு இதைவிட நல்ல நிரூபணம் கிடைக்காது. ஆனால் அதை விளக்க அது சமயமில்லை. நான் வெறுங்காலோடு நின்றிருந்தேன்.

மாமா என் செருப்பைக் கழற்றி, என் காலருகே தள்ளினார். "தெரிஞ்சும் ஏன்டா சொல்லலே?"

"சொன்னா உங்களைப் பிடிச்சிண்டிருப்பா, மாமா."

பூக்கடை ஓரம் போய்த் தன் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். அப்புறம் கேட்டார்: "உன் படிப்புப்படி நான் இப்போ யாரு?"

"சூழ்நிலைக் கைதி."

உமா இந்தத் தடவை தலையைத் திருப்பிக்கொள்ளாமல் சிரித்தாள்.

தை மாதம் கல்யாணம். காசி யாத்திரைக்குக் குடையும் விசிறியுமாக நான் கிளம்பி நிற்க, மாமா புதுச் செருப்பைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். கல்யாண மண்டபமே கேட்கும்படி சொன்னார்: "நன்னாப் பாத்துக்கோ, இது உன்னோடதுதான்."

இன்றைக்கும் எங்கள் வீட்டில் கண்ணாடியோ சாவியோ காணாமல் போனால் முதலில் என்னைத்தான் சோதனை போடுகிறார்கள். முத்திரை அப்படியே இருக்கிறது. உமா மட்டும் ஊராரிடம் வேறு மாதிரிச் சொல்வாள்: "எல்லாரும் பொண்ணு பாக்க வந்தா மூஞ்சியைப் பாப்பா. இவர் எங்கப்பா காலைப் பாத்துண்டு நின்னார். அப்பவே முடிவு பண்ணிட்டேன்."