தீக்கோழிப் பொருளாதார மேதை

உலகம் இதுவரை மூன்றே மூன்று பொருளாதார மேதைகளைக் கண்டிருக்கிறது. முதல் இருவரின் பெயர் எனக்குத் தெரியாது. மூன்றாமவர், பாங்காக்கிலிருந்து ஓர் இரவு பஸ் தூரத்தில் இருக்கும் எங்கள் மாகாணத்தின் தவப்புதல்வர், டாக்டர் பிரசித் அவர்கள். இதை நான் போகிறபோக்கில் சொல்லவில்லை. மைக்கில் சொல்லியிருக்கிறேன். எங்கள் ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் விகாரையில் தகன நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குபவன் இந்த சாம்ரான்தான். குடிகாரனைக் கொடைவள்ளல் ஆக்குவேன். கஞ்சனைக் கருணைக்கடல் ஆக்குவேன். செத்தவர் யாரும் இதுவரை மறுப்பு அறிக்கை விட்டதில்லை.

டாக்டர் அவர்கள் வெளிநாட்டில் பட்டம் வாங்கித் திரும்பிய புதிதில் 'நிபுணர்' ஆக இருந்தார்கள். தினமும் காலையில் வானொலியில் பேசுவார்கள். "நெல் நேற்றைய பயிர்! எருமை முந்தாநாள் மூலதனம்! நாளைய உலகம் தீக்கோழியின் கையில்!" தீக்கோழிக்கு ஏது கை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவ்வளவு படித்தவர் சொல்கிறாரே, எங்காவது இறக்கைக்கு அடியில் இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

அடுத்து டாக்டர் அவர்கள் தொழிலதிபர் ஆனார்கள். தீக்கோழிக் குஞ்சுகளைக் கம்பெனி விற்கும். வளர்ந்ததும் கறி, தோல், இறகு எல்லாவற்றையும் கம்பெனியே திரும்ப வாங்கிக்கொள்ளும் என்று வாக்குக் கொடுத்தார்கள். குஞ்சு வளர வளரக் கம்பெனி இளைத்தது. பறவை ஆள் உயரத்துக்கு வந்தபோது கம்பெனி கண்ணுக்கே தெரியவில்லை. "இது சந்தையின் இயல்பான சுருக்கம்" என்று விளக்கம் கொடுத்தார்கள். அடடா, என்ன விளக்கம்! கேட்டுக்கொண்டிருக்கும்வரை புரிந்த மாதிரியே இருந்தது.

இதற்குள் தீக்கோழியால் நொடித்துப்போன குடும்பங்கள் ஊர் ஊராகக் குவிந்துவிட்டன. அவர்கள் கண்ணீரைத் துடைக்க ஓர் ஆள் வேண்டாமா? இந்தத் துறையில் டாக்டர் அவர்களைவிட அனுபவசாலி யார்? 'தீக்கோழிப் பாதிப்பு நிவாரணக் குழு'வின் தலைவர் ஆனார்கள். கடற்கரை ஓட்டலில் குழு கூடிக் கூடிக் கவலைப்பட்டது. அந்தக் கவலையின் பலனாக டாக்டர் அவர்கள் எம்.பி.யும் ஆனார்கள். அன்றுமுதல் தொகுதியில் யார் செத்தாலும் மலர்வளையத்துக்குப் பதில் ஒரு மின்விசிறி வந்துவிடும். கழுத்தில் கட்சிப் பெயர் போட்ட ரிப்பன் தொங்கும், நடுவில் ஒட்டிய படத்தில் டாக்டர் அவர்களின் முகம் சிரிக்கும். தலையை ஆட்டி ஆட்டி எல்லோருக்கும் சமமாகக் காற்று வழங்கும். செல்வப் பகிர்வு என்றால் வேறென்ன?

இப்படியிருக்க, எங்கள் ஊர்ப் பெரியவர் புன்மா செத்துப்போனார். அறுபத்தெட்டு வயதில் கூலிக்குக் கரும்பு வெட்டப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். எழவில்லை. நல்ல மனிதர். இதை மைக் இல்லாமலே சொல்வேன்.

தைவானில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவர் மகள் ரட்டனா ஓடிவந்தாள். புதன்கிழமை எரிப்பதாக ஏற்பாடு. ஊர்த்தலைவர் பிரீச்சா குறுக்கே விழுந்தார். "டாக்டர் பொன்னான கையால தீ வெக்கணும்யா. அப்பத்தான் நமக்கு வாய்க்கால் வரும்." புதன் டாக்டருக்கு ஒழியவில்லை. வியாழனும் ஒழியவில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் பக்கம் யாரும் பிணம் எரிப்பதில்லை. கடைசியில் சனிக்கிழமை நான்கு மணி என்று உறுதியானது. அன்று மாலை ஆறு மணி பஸ்ஸில் ரட்டனா பாங்காக் போய் விமானம் ஏறியாக வேண்டும். தவறினால் வேலை போச்சு. வேலை போனால் அவள் அம்மாவுக்குச் சோறு போச்சு.

நான்கு மணி ஆயிற்று. பிக்குகள் வந்துவிட்டார்கள். கறுப்புத் துணி உடுத்த கூட்டம் சிதையில் வைப்பதற்காக மரச்சீவலில் செய்த சந்தனப் பூவைக் கையில் பிடித்தபடி வியர்த்துக்கொண்டிருந்தது. டாக்டர் வரவில்லை. செயலாளர்தான் போனில் வந்தார்.

"ஒரு சின்ன சிக்கல். டாக்டரோட கட்சியை மதியம் கோர்ட்டு கலைச்சிருச்சு."

"ஐயையோ! ஆழ்ந்த அனுதாபங்கள். டாக்டர் எங்க இருக்காரு?"

"பெட்ரோல் பங்க்ல. ரெண்டு கட்சிகிட்ட பேசிட்டிருக்காரு. எதுலயாவது சேர்ந்ததும் கிளம்பிடுவாரு."

"தீ வெக்கறதுக்குக் கட்சி எதுக்குங்க?"

"என்ன பேசறீங்க? கட்சி கூட இல்லாம வெறும் மனுஷனா வந்து நின்னா சாவுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

இந்த நியாயத்தை நான் ரட்டனாவிடம் எடுத்துச் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அண்ணே, செத்தது எங்கப்பாவா, அந்தக் கட்சியா?"

"கோவப்படாதம்மா. இப்ப வந்துருவாரு."

"நாலு நாளா இதையேதான் சொல்றீங்க. நான் போனப்புறம் எரிக்கப்போறீங்களா? இங்க இருந்துக்கிட்டு எங்கப்பா எரியறதைக் கூடப் பாக்காம போகணுமா?"

சவப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா தலையை நிமிர்த்தவில்லை. "விடுடி. உங்கப்பன் என்னைக்கு அந்த ஆளுக்காகக் காத்திருக்காம இருந்தான்? இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும்."

ஐந்தரைக்கு வேன் வந்தது. டாக்டர் அவர்கள் சிரித்த முகத்தோடு, புத்தம்புதுக் கட்சியோடு இறங்கினார்கள். உதவியாளர்கள் முதல் காரியமாகக் கத்திரிக்கோலோடு, சவப்பெட்டி அருகே ஏற்கெனவே வந்து நின்ற மின்விசிறியை நோக்கிப் பாய்ந்து பழைய கட்சி ரிப்பனை வெட்டிப் புது ரிப்பன் கட்டினார்கள். டாக்டர் அவர்கள் கூட்டத்தைக் கும்பிட்டார்கள், பிக்குகளைக் கும்பிட்டார்கள், பழக்கதோஷத்தில் மின்விசிறியையும் கும்பிட்டார்கள்.

செயலாளர் என்னிடம் ஒரு கத்தைத் தாளை நீட்டினார். டாக்டரின் வாழ்க்கை வரலாறு. ஊர்த்தலைவர் என் காதைக் கடித்தார். "இதை முழுசாப் படி. செத்தவரோடதை விட்டுடு, நேரமில்ல."

ரட்டனா தோளில் பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "அண்ணே, எங்கப்பாவைப் பத்தி ரெண்டு வார்த்தை. வேற ஒண்ணும் கேக்கல. ரெண்டே வார்த்தை."

 இத்தனை வருஷமாகக் கண்டவனையெல்லாம் புகழ்ந்த வாய், இந்த மனிதருக்கு மட்டும் மூடிக்கொள்ளவா? தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கைப் பிடித்தேன்.

"பேரன்புடையீர்! நேரமின்மை காரணமாக இரண்டு வரலாறுகளும் ஒன்றாகவே வாசிக்கப்படும். டாக்டர் அவர்கள் நெல் வேண்டாம் என்று வானொலியில் முழங்கினார்கள். அமரர் புன்மா அன்றே நெல்லை நிறுத்தினார்!"

கூட்டம் வழக்கம்போல் டாக்டர் பெயருக்குக் கைதட்டியது. டாக்டர் எழுந்து கும்பிட்டார்.

"டாக்டர் அவர்கள் தீக்கோழிக் குஞ்சு விற்றார்கள். அமரர் தம் எருமைகளை விற்று வாங்கினார்! டாக்டர் அவர்களின் கம்பெனி காணாமல் போயிற்று. அமரரின் நிலமும் கூடவே போயிற்று!"

மறுபடி கைதட்டல். கொஞ்சம் மெலிந்த கைதட்டல். டாக்டர் பாதி எழுந்து, பாதியிலேயே யோசித்தார்.

"டாக்டர் அவர்கள் நிவாரணக் குழுவின் தலைவர் ஆனார்கள். அமரர் கரும்பு வெட்டும் கூலி ஆனார். அவர் மகள் தைவானுக்கு..."

யாரும் கைதட்டவில்லை. ரட்டனாவின் அம்மா தலையை நிமிர்த்தி முதல் தடவையாக டாக்டரைப் பார்த்தாள். ஊர்த்தலைவர் மைக் ஒயரைத் தேடி மேசைக்கு அடியில் குனிந்தார். சாலையில் ரட்டனாவை ஏற்றிப்போக வந்த வண்டி ஹாரன் அடித்தது. டாக்டர் மட்டும், தம் முறை வந்துவிட்டது என்று நினைத்து, தீப்பந்தத்தை நோக்கிக் கையை நீட்டியபடி மேடையேறிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரிந்த மிகப் பணிவான குரலில் அறிவித்தேன்:

"அமரர் புன்மாவை எரிக்கும் திருப்பணியை டாக்டர் அவர்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கி, பெரும்பகுதியை முடித்தும் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் கொஞ்சம்தான் இருக்கிறது. அதற்காகவும் அவர்களைச் சிரமப்படுத்துவது முறையல்ல என்பதால், மகள் ரட்டனாவை அழைக்கிறோம்."